நாலாவது வந்தவருக்கு ஒரு வக்காலத்து

என் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு வழக்கு நடக்கிறது. சொத்துத் தகராறு இல்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நார்வேக்காரர் யாக்கோப் இங்கப்ரிக்ட்சன் செய்தது தைரியமா, கிறுக்குத்தனமா என்பதுதான் வழக்கு. 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப் முடிந்ததும் மாப்பிள்ளை பழைய ஃபைலை மறுபடி பிரித்துவிட்டார். எனவே என் தரப்பை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 6. நம்மூர்க் கணக்குக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. ரெண்டு நாள் முன்னால்தான் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய்வந்திருந்தோம், அந்த அலுப்பு இன்னும் இருந்தது. பணகுடிப் பக்கம் தங்கச்சி வீடு. ஆடி மாசம் அந்தப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து ரெண்டு பேரும் பார்த்தோம்.

உலகமே இங்கப்ரிக்ட்சனா, பிரிட்டன்காரர் ஜாஷ் கெர்ரா என்றுதான் பேசிக்கொண்டிருந்தது. ரெண்டு பேருக்கும் ஆகாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடினாலும் கெர்ரை ஜெயித்திருப்பேன் என்கிற தோரணையில் இங்கப்ரிக்ட்சன் முன்பே பேசி வைத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2022-இல் யூஜீனில் ஜேக் வைட்மன், 2023-இல் புடாபெஸ்டில் இதே கெர் என்று ரெண்டு உலகச் சாம்பியன்ஷிப்பிலும் கடைசி 200 மீட்டர் வாக்கில் தன்னை ஒருவர் தாண்டிப் போனதைப் பார்த்தவர் அவர். மெதுவாகப் போய்க் கடைசியில் பாய்கிற ஓட்டம் தனக்கு ஆகாது, முதலிலிருந்தே எல்லாரையும் களைக்க வைத்தால்தான் உண்டு என்று முடிவு செய்துவிட்டார். முதல் சுற்று 55 வினாடிக்குள். 800 மீட்டரைத் தாண்டும்போது 1 நிமிடம் 51 வினாடி.

"மச்சான், இவன் நமக்கு வண்டி இழுக்கான் பாருங்க" என்றார் மாப்பிள்ளை. 'நமக்கு' என்றால் பின்னால் வருகிறவர்களுக்கு. அவர் எப்போதுமே பின்னால் வருகிறவர் கட்சி. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

கடைசி வளைவில் அமெரிக்கர் கோல் ஹாக்கர் உள்பக்கமாக நுழையப் பார்த்தார், இடம் இல்லை, வேகம் தட்டிப்போனது. அவ்வளவுதான் என்று நினைத்தோம். நேர்க்கோட்டுக்கு வந்ததும் இங்கப்ரிக்ட்சன் வெளிப்பக்கம் வருகிற கெர்ரைத் தடுப்பதிலேயே குறியாகக் கொஞ்சம் விலகினார். உள்பக்கம் ஒரு ஆள் நுழைகிற சந்து திறந்தது. ஹாக்கர் அதில் புகுந்து போய்விட்டார். 3:27.65, ஒலிம்பிக் சாதனை. கெர் 3:27.79. இன்னொரு அமெரிக்கர் யாரெட் நுகூஸ் 3:27.80. வினாடியில் நூறில் ஒரு பங்கு, ஒரு சாண் தூரம்கூட இல்லை. இங்கப்ரிக்ட்சன் 3:28.24, நாலாவது. பதக்கம் இல்லை.

மாப்பிள்ளை கைதட்டிச் சிரித்த சிரிப்பில் உள்ளே தூங்கிய பிள்ளைகள் எழுந்துவிட்டன.

இனி என் வாதம். அந்த நாலாவது இடத்து நேரத்தை இன்னொரு தடவை பாருங்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே ஆள் தங்கம் வாங்கியபோது ஓடியது 3:28.32, அன்றைக்கு அதுதான் ஒலிம்பிக் சாதனை. பாரிஸில் பதக்கமில்லாமல் வந்தபோது அதைவிட வேகமாக ஓடியிருக்கிறார்! முன்னால் வந்த மூன்று பேரும் சேர்த்து நாலு பேர் பழைய சாதனைக்குள் வந்தார்கள். ஹாக்கர் அதுவரை தன் வாழ்நாளில் ஓடியிருந்த சிறந்த நேரம் 3:30.59. ஒரே ராத்திரியில் மூன்று வினாடி எங்கிருந்து குறையும்? அவர் காலில் இருந்தது, சரி. ஆனால் அதை வெளியே இழுத்தது யார்?

டைமண்ட் லீக் மாதிரிப் போட்டிகளில் வேகம் பிடித்துக் கொடுப்பதற்கென்றே காசு கொடுத்து ஆள் வைப்பார்கள், 'பேஸ்மேக்கர்'. பாதி தூரம் இழுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மொராக்கோக்காரர் ஹிஷாம் எல் குவெரூஜ் 1998-இல் ரோமில் ஓடிய 3:26.00 உலக சாதனையும் அப்படி முன்னால் ஆள் இழுத்துக் கொடுத்த ஓட்டம்தான். ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் அது கிடையாது. பன்னிரண்டு பேர் நிற்பார்கள், யாராவது ஒருத்தர் முன்னால் போயாக வேண்டும், போகிறவருக்குக் கூலி கிடையாது. யாரும் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ரியோ சாட்சி. அமெரிக்கர் மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் முன்னால் வந்து நின்றுகொண்டு, குலவணிகர்புரம் ரயில்வே கேட் திறந்ததும் முதல் ஆளாக ஊர்ந்து போகிற மினிபஸ் மாதிரி மொத்தப் பேரையும் பின்னால் கட்டிப்போட்டு நடத்தினார். தங்கம், 3:50.00. 1932-க்குப் பிறகு அவ்வளவு மெதுவாக யாரும் 1500 மீட்டர் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை. மாப்பிள்ளை இதைச் சாணக்கியத்தனம் என்கிறார். இருக்கட்டும்.

இப்போது மாப்பிள்ளை ஏன் பின்னால் வருகிறவர் கட்சி என்ற கதை.

நாங்கள் ரெண்டு பேரும் வேறு வேறு பள்ளிக்கூடம், ஒரே வயசு. பத்தாவது படிக்கும்போது வட்டார அளவிலான போட்டி. அதுவும் ஆடி மாசம். 200 மீட்டர் மண் ட்ராக், சுண்ணாம்புக் கோடு, 1500 என்றால் ஏழரைச் சுற்று. ஒரு பக்கம் மேல்காத்து முதுகில் தள்ளும், அடுத்த பக்கம் திரும்பினால் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். மண் வேறு கண்ணில் விழும். எங்கள் டிரில் சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "முன்னால போ, திரும்பிப் பாக்காத." நான் போனேன். ஏழு சுற்றும் போனேன். எனக்குப் பின்னால் ஒருத்தன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஏழு சுற்றும் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி நேர்க்கோடு எதிர்காற்றுப் பக்கம். அங்கே என் கால் ரெண்டும் சாக்கு மூட்டை ஆன நேரத்தில் அந்த மூச்சு என்னைத் தாண்டிப் போனது. பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர், பேர் வெட்டியது. எனக்கு ரெண்டாவது பரிசாக சோப்பு டப்பா.

அதுவரை 'ஏலே' என்று கூப்பிட்டிருக்கக் கூடிய அந்த ஆள், பத்து வருஷம் கழித்து என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தான். இப்போது "வாங்க மாப்ள" என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது. பகவான் கணக்கு.

ஆகவே எனக்கு இந்த விஷயத்தில் சொந்தக் காயம் உண்டு, நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது காயத்தால் தெரிந்ததுதான். பாரிஸில் அவர்கள் ஓடிய வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர். காற்றே அடிக்காத மைதானத்தில்கூட அந்த வேகத்தில் போகிறவன் முகத்தில் 26 கிலோமீட்டர் காற்று அடிக்கத்தான் செய்யும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அது பாதி மிச்சம். அதோடு வேகத்தை யோசிக்கிற வேலையும் மிச்சம், அவன் பார்க்க வேண்டியது ஒரு முதுகை மட்டும்தான்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு இது நன்றாகவே தெரியும். போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நாற்கரச் சாலை ஓரத்தில் விடியற்காலை கூட்டம் கூட்டமாக ஓடுகிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். (ஹாக்கர் ஓடி முடிக்கிற நேரத்தில் 7 நிமிடக்காரர் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டார். டிவியில் அந்த வேகம் தெரியவே தெரியாது, எல்லாருமே வேகமாக ஓடுவதால்.) தேர்வன்றைக்கு அவர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்: "நம்ம பேட்ச்ல இழுக்குற ஆள் யாருடே?" நன்றாக ஓடுகிற ஒருத்தன் முன்னால் போனால் அவன் பின்னாலேயே நாலு பேர் தேறிவிடுவார்கள். இழுக்கிறவனுக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு, ஓட்டம் முடிந்ததும் அவனுக்குத்தான் முதல் தண்ணீர் பாட்டில் போகும். அந்த மரியாதை ஒலிம்பிக் பார்க்கிற நமக்கு ஏன் வர மாட்டேன் என்கிறது? மறுநாள் காலையில் என் போனுக்கு வந்த மீம்ஸ் எல்லாம் நார்வேக்காரரைக் கேலி செய்ததுதான்.

நம் நாட்டிலும் அப்படி ஒருத்தர் இருந்தார். 1976 மான்ட்ரியல், 800 மீட்டர் இறுதி. முதல் சுற்று முழுக்க முன்னால் ஓடியவர் ராஜஸ்தான்காரர் ஸ்ரீராம் சிங், 51 வினாடிக்குள். கியூபாவின் ஹூவாந்தொரேனா அங்கிருந்து கிளம்பி 1:43.50 என்று உலக சாதனையே வைத்தார். ஸ்ரீராம் சிங் ஏழாவது. தோல்விதான். ஆனால் ஏழாவதாக வந்த அந்த 1:45.77 இந்திய சாதனையாக 42 வருஷம் நின்றது. 2018-இல் ஜின்சன் ஜான்சன்தான் உடைத்தார். ஒளிந்து ஓடியிருந்தால் ஒருவேளை ஐந்தாவது வந்திருப்பார், அந்த நேரம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

"முன்னால ஓடி ஜெயிச்சவன் ஒருத்தனைக் காட்டுங்க" என்பார் மாப்பிள்ளை. கென்யாவின் டேவிட் ருடிஷா, 2012 லண்டன், 800 மீட்டர். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை முன்னால், 1:40.91, உலக சாதனை. அந்த ஓட்டத்தில் கடைசியாக வந்தவர் ஓடிய 1:43.77, அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கித் தந்திருக்கும். எனக்கு அந்த ஓட்டத்தில் ருடிஷாவைவிட அந்த எட்டாவது ஆளைத்தான் அதிகம் பிடிக்கும்.

சரி, மாப்பிள்ளை பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கப்ரிக்ட்சன் பாரிஸில் கணக்கைத் தப்பாகப் போட்டார். முதல் சுற்று அளவுக்கு மீறிய வேகம், அவரே பிறகு ஒத்துக்கொண்டார். உள்பக்கத்தைத் திறந்துவிட்டது அதைவிடப் பெரிய தப்பு. வட்டாரப் போட்டியில் ஓடுகிற பையனுக்குக்கூட டிரில் சார் முதலில் சொல்வது உள்கோட்டை விட்டு விலகாதே என்பதைத்தான். நாலு நாள் கழித்து 5000 மீட்டரில் கூட்டத்தோடு இருந்து கடைசியில் பாய்ந்து தங்கம் வாங்கினார். பொறுமையாக ஓடத் தெரியாத ஆள் இல்லை.

மாப்பிள்ளையின் செல்லம் மஞ்ஜித் சிங். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர். எல்லாரும் ஜின்சனைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி நேர்க்கோட்டில் எங்கிருந்தோ வந்து 1:46.15-இல் தங்கம் தூக்கினார். அருமையான ஓட்டம், நானும் எழுந்து நின்று கத்தினேன். ஆனால் அதே ஜகார்த்தாவில் ஜின்சன் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய நேரம் 3:44.72. அடுத்த வருஷம் பெர்லினில், வேகமாக ஓடுகிறவர்கள் நடுவே போய் நின்றபோது அதே ஜின்சன் 3:35.24 ஓடினார். ஒன்பது வினாடிக்கு மேல் வித்தியாசம்! என் புகார் இதுதான். நம் ஊர்ப் போட்டிகளில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டும், ஸ்போர்ட்ஸ் கோட்டா வேண்டும், அதற்கு இடம்தான் கணக்கு, நேரம் கணக்கில்லை. எனவே எட்டாவது படிக்கிற பையனிலிருந்து எல்லாரும் பதுங்கி ஓடவே பழகுகிறார்கள். ஆறு சுற்று ஜாகிங், ஒன்றரைச் சுற்று ஓட்டம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, பரிசு எதற்கோ அதற்குத்தானே ஓடுவார்கள்.

2025 செப்டம்பர், டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப். இங்கப்ரிக்ட்சன் குதிகால் தசைநார்க் காயத்திலிருந்து முழுசாகத் தேறாமல் முதல் சுற்றிலேயே வெளியே. ஹாக்கரை அரையிறுதியில் தள்ளுமுள்ளுக்காகத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள் (அவர் பிறகு 5000 மீட்டரில் தங்கம் வாங்கிக் கணக்கைத் தீர்த்தார்). இறுதியில் கெர்ருக்கு நடுவிலேயே காலில் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே கடைசியாக வந்து முடித்தார். போர்ச்சுகலின் இசாக் நாடெர் 3:34.10-இல் தங்கம். வைட்மன் 3:34.12. கடைசி ரெண்டு எட்டில்தான் முடிவே தெரிந்தது.

"பாத்தீங்களா மச்சான், 3:34-க்குத் தங்கம். நம்ம ஜின்சன் ஓடின நேரத்துக்கு ஒரு வினாடிதான் கம்மி" என்று போன் வந்தது. மெதுவாகப் போய்க் கடைசியில் பறந்து 3:34 ஓடுவதும், முழு மூச்சாக ஓடி 3:35 வருவதும் ஒன்றில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணு, உங்க நார்வேக்காரன் இல்லாம மொத மூணு சுத்து சப்புன்னு இருந்துச்சி."

தீர்ப்பு எனக்குச் சாதகம் என்று இதை எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த எவர்சில்வர் டம்ளர் இன்னும் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. பேர் பாதி தேய்ந்துவிட்டது, '1500 மீ. முதல்' என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. நான் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி அதில்தான் வருகிறது. அவள் வேண்டுமென்றே செய்கிறாளா என்று இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை.