சாட் ஏரிக்கு வெறும் படை போதாது

ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைச் சுற்றியுள்ள நைஜீரியா, நைஜர், சாட், கேமரூன் நான்கும் சேர்ந்து படையைப் பெருக்கினால் போகோ ஹராம் என்ற பயங்கரவாத இயக்கம் ஒழியும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

2009-ல் அதன் நிறுவனர் முகமது யூசுப் போலீஸ் காவலிலேயே கொல்லப்பட்டார். இயக்கம் அடங்கியதா? அவருக்குப் பின் வந்த ஷெக்காவ் தலைமையில் இன்னும் கொடூரமாக எழுந்தது. 2014-ல் நைஜீரியாவின் சிபோக் ஊர்ப் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்தினார்கள். அவர்களில் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

2016-ல் இயக்கம் பிளவுபட்டது. அதில் ஐ.எஸ். ஆதரவுப் பிரிவு ஏரித் தீவுகளில் மீனவர்களிடமும் விவசாயிகளிடமும் வரி வசூலிக்கிறது. அதற்கு முன்பே அரசு என்ன செய்தது? பயங்கரவாதிகளுக்குப் பணம் போகக்கூடாது என்று 2015-ல் நைஜர் தன் டிஃபா பகுதியில் மீன், மிளகாய் வியாபாரத்துக்குத் தடை போட்டது. காரணம் புரிகிறது. ஆனால் அந்த ஊர் மக்களுக்குப் பிழைப்பே அந்த இரண்டும்தானே! வேலையில்லாத இளைஞனிடம் ஒரு பைக்கையும் கொஞ்சம் பணத்தையும் நீட்ட இயக்கத்தின் ஆள் தயாராக இருக்கிறான்.

சரி, இந்த நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டுப்படையாவது உறுதியாக இருக்கிறதா என்றால், 2025 மார்ச்சில் நைஜர் அதிலிருந்து விலகிவிட்டது. எல்லை தாண்டி ஓடுபவர்களை இனி யார் துரத்துவது? படகுகளுக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்த நான்கு அரசுகளும் முதலில் இதைப் பேசித் தீர்க்க வேண்டும், கூடவே மீனவர்களுக்கு வலை வீசும் உரிமையையும் பாதுகாப்பையும் தர வேண்டும்.