திகதியை நகர்த்துங்கள், பனியாற்றை விடுங்கள்

சுவிஸின் செர்மாட் ஊருக்கு மேலே, உலகக் கிண்ண ஸ்கீப் (பனிச்சறுக்கு) பந்தய ஓடுபாதைக்காகத் தியோடுல் பனியாற்றைப் பெக்கோ (அகழும் இயந்திரம்) கிண்டும் படங்கள் 2023 ஒக்ரோபரில் சுவிஸ் நாளிதழ் '20 மினிட்டன்' இல் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் அதே படம், அதே விவாதம். "வருசா வருசம் செய்யிற வேலைதானே." "ஸ்னோ கொட்டினால் மூடிவிடும்தானே." நவம்பரில் பந்தயமும் இரத்து என்று அறிவித்த பிறகு, "அப்ப பிரச்சினை முடிஞ்சுது, விடுங்கோ" என்று ஒருவர். விட மாட்டேன். பந்தயம் இரத்தானதால் பிரச்சினை முடியவில்லை. அது எவ்வளவு பெரியது என்று அதனால்தான் தெரிகிறது.

மற்றர்ஹோர்ன் மலையடிவாரத்தில் நடக்கவிருந்த அந்தப் பந்தயம் சுவிஸ் பக்கம் 3,700 மீற்றருக்கு மேலே தொடங்கி, இத்தாலிப் பக்கம் 2,800 மீற்றரளவில் முடிய வேண்டியது. 2022 இல் ஒக்ரோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் வைத்தார்கள். கீழ்ப்பகுதியில் பனி இல்லை, இரத்து. 2023 இல் நவம்பர் நடுப்பகுதிக்குத் தள்ளினார்கள். இந்தமுறை கடும் பனிப்பொழிவும் காற்றும், மறுபடி இரத்து. இரண்டு வருடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக எட்டுப் பந்தயம். ஒன்றுகூட ஓடவில்லை. ஓடாத பந்தயத்துக்காகத் தியோடுல் பனியாற்றைக் கிண்டியிருக்கிறார்கள்.

நான் சொல்வது ஒன்றேதான். ஸ்கீ வேண்டாம் என்று சொல்லவில்லை. மலைக்குப் பனி வரும் காலம் மாறிவிட்டது. அட்டவணை மட்டும் மாறவில்லை. மாறாத அட்டவணைக்கு ஏற்றபடி மலையை வெட்டுகிறார்கள். திகதியை நகர்த்துங்கள், பனியாற்றை விடுங்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று தெரியாமல் "சும்மா மட்டப்படுத்துகிறார்கள்" என்று எழுதுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பனியாறு நகரும்போது மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்கும். குளிர்காலப் பனி அந்தப் பிளவுகளுக்கு மேல் பாலம் போட்டதுபோல் மூடும், கோடையில் அது உருகி விழும். ஒக்ரோபர் வரும்போது பிளவுகள் வாய் திறந்து கிடக்கும். பெக்கோ வந்து பிளவின் விளிம்பை உடைத்து, சுற்றியிருக்கும் பழைய பனியையும் ஐஸையும் வாரி உள்ளே தள்ளும். அதை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் நின்றுவிட்டால் மேலே பிஸ்டன்புல்லி (பனியை மட்டப்படுத்தும் பெரிய வாகனம்) ஏறும்போது சரியும். உலகக் கிண்ண ஓடுபாதைக்கு இதுவும் போதாது. அகலம் வேண்டும், இரண்டு பக்கமும் பாதுகாப்பு வலை நட இடம் வேண்டும், தண்ணீர் பாய்ச்சி ஐஸ் போலக் கடினமாக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு பனியாறு தன் பாட்டுக்கு நகரும். அடுத்த வருடம் பிளவு மறுபடி திறக்கும். மறுபடி பெக்கோ.

"அது பாதுகாப்புக்காகச் செய்வது" என்பார்கள். உண்மைதான். பிளவை மூடாமல் ஒருவரையும் அதன் மேல் விடக்கூடாது. ஆனால் பிளவு மூடாத காலத்தில் ஏன் அங்கே ஓட வேண்டும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அதோடு, அனுமதித்த எல்லைக்கு வெளியேயும் வேலை நடந்திருக்கிறது என்று செர்மாட் இருக்கும் வாலிஸ் மாநிலத்தின் கட்டிட ஆணையமே நேரில் போய்ப் பார்த்து, அந்தப் பகுதியில் வேலையை நிறுத்தச் சொன்னது. மற்றர்ஹோர்ன், மொன்ரே றோசா வட்டாரம் தேசிய முக்கியத்துவமுள்ள நிலக்காட்சிகளின் கூட்டாட்சிப் பட்டியலில் உள்ள இடம். ஒரு சாதாரண வீட்டுக்காரர் அனுமதிக் கோட்டைத் தாண்டி ஒரு மதில் கட்டினால் இந்த நாட்டில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பெக்கோ எடுத்த ஐஸ் எவ்வளவு, வெயில் எடுத்தது எவ்வளவு" என்று கேட்டவருக்கு: சரி, வெயில் எடுத்ததுதான் பல மடங்கு. 2022 இலும் 2023 இலுமாகச் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்து வீதத்தை இழந்துவிட்டன. 2023 ஓகஸ்ட்டில் பூச்சியப் பாகைக் கோடு, அதாவது காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் உயரம், 5,298 மீற்றருக்குப் போனது. அல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மொன் பிளாங்கையும் தாண்டிய உயரம் அது. வருடம் முழுவதும் ஸ்கீ என்று விளம்பரம் செய்யும் செர்மாட்டே 2022 ஜூலைக் கடைசியில் கோடைகால ஸ்கீயை நிறுத்த வேண்டி வந்தது. பெக்கோவின் பங்கு சிறிதுதான். ஆனால் எப்படியும் சாகப்போகிறது என்பதால் நோயாளியை அடிக்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் "உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்கிறார்கள். உணர்ச்சிவசப்படுகிறேன்தான்.

அடுத்தது செயற்கைப் பனி. "பீரங்கி இருக்கிறதுதானே, அடித்துவிட வேண்டியதுதானே" என்று, தண்ணீரைத் தூவிப் பனியாக்கும் இயந்திரத்தைப் பற்றி மிக எளிதாகச் சொல்கிறார்கள். பீரங்கிக்கு வெப்பமானி காட்டும் பாகை மட்டும் போதாது, காற்றின் ஈரப்பதமும் சேர்ந்த ஈரக்குமிழ் வெப்பநிலை வேண்டும். அது சுமார் மறை மூன்று (-3) பாகைக்குக் கீழே போனால்தான் ஒழுங்கான பனி விழும். காற்று உலர்ந்திருந்தால் பூச்சியப் பாகையிலும் அடிக்கலாம். ஈரமாக இருந்தால் மறை இரண்டிலும் சேறுதான் வரும். ஒரு ஹெக்டேயரில் 30 சென்ரிமீற்றர் போட 3,000 கன மீற்றர் பனி வேண்டும். செயற்கைப் பனி புதிதாக விழுந்த இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தி என்பதால் அதற்குத் தண்ணீர் மட்டும் 1,200 கன மீற்றருக்கு மேல் போகும். காற்று அள்ளிக்கொண்டு போவது தனி. அந்தத் தண்ணீர் தேவைப்படுவது நவம்பர், டிசம்பரில், மலை ஓடைகள் வற்றத் தொடங்கும் நேரத்தில். அதனால் மேலே குளம் வெட்டுகிறார்கள். மலையில் குளம் வெட்டச் சமதரை எங்கே கிடைக்கும்? ஈரநிலத்திலும் காட்டு மேட்டிலும்தான். பிரான்ஸில் லா குளூசா என்ற ஸ்கீ ஊரில் 148,000 கன மீற்றர் குளம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள், 2022 ஒக்ரோபரில் கிறெநோபிள் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செர்மாட்டில் பூச்சியத்துக்கு மேலான வெப்பநிலையிலும் வெற்றிடத்தில் தண்ணீரை உறையவைத்துப் பனி செய்யும் இயந்திரமும் வைத்தார்கள். அதற்கான மின்சாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

மண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறுகிய பனி இரண்டு, மூன்று கிழமை பிந்தி உருகும். அந்த உயரத்தில் புல்லுக்குக் கிடைக்கும் வளர்காலமே சில மாதங்கள், அதில் இது போய்விடும். ஓடுபாதைக்காக இயந்திரம் போட்டு மட்டப்படுத்திய சரிவு 2,200 மீற்றருக்கு மேலே என்றால் பல பத்தாண்டுகள் போனாலும் பழையபடி மூடாது. மரக்கோட்டில், அதாவது அதற்கு மேலே மரம் வளராத உயரத்தில், வாழும் கறுப்புக் காட்டுக்கோழி குளிர்கால நாளின் பெரும்பகுதியைத் தளர்ந்த பனிக்குள் குழி தோண்டிப் படுத்துக் கழிக்கும், காலையும் மாலையும் மட்டும் இரைக்கு வரும். பாதையை விட்டு இறங்கும் ஒரு ஸ்கீக்காரர் அதை எழுப்பிவிட்டால், பறந்து செலவழித்த சக்தியை ஈடுகட்ட அதற்குத் தீனி கிடையாது. வனவிலங்கு அமைதி வலயங்களின் பலகைகள் அதற்காகத்தான்.

இனி வேலைக்கு வருகிறேன். "எங்கட தமிழ்ச் சனம் எத்தனை பேர் ஹொட்டேல் சமையலறையில், உணவகத்தில் நிற்கிறார்கள், நீங்கள் எழுதி அவர்களின் சோற்றில் மண் போடுகிறீர்கள்" என்று எழுதியவரே, எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அந்தச் சனத்தை நினைத்துத்தான் எழுதுகிறேன். 28 ஐரோப்பிய நாடுகளில் 2,234 ஸ்கீ நிலையங்களை எடுத்துச் செய்த ஆய்வு 2023 இல் வெளிவந்தது. உலகம் இரண்டு பாகை சூடானால், செயற்கைப் பனி இல்லாமல் 53 வீதமான நிலையங்கள் பனி போதாமல் போகும் மிக உயர்ந்த ஆபத்தில். பாதிப் பரப்புக்குச் செயற்கைப் பனி போட்டாலும் 27 வீதம் ஆபத்திலேயே நிற்கும். அந்த வேலைகளை எடுப்பது நானோ, வழக்குப் போடும் இயற்கை அமைப்புகளோ இல்லை. குளத்துக்கும் குழாய்க்கும் கடன் எடுத்துவிட்டு, பத்து வருடத்தில் பனி இல்லாமல் நிலையம் மூடினால் முதலில் வேலையை இழப்பவர் யார்? பருவகால ஒப்பந்தத்தில் நிற்பவர். அவருக்கு இன்று சொல்ல வேண்டியதை மறைப்பதுதான் துரோகம்.

"நீங்கள் ஸ்கீ போட்டதே இல்லை, அவர்களின் மலை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதியவருக்கு: இந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். வரி கட்டுகிறேன், வாக்கும் போடுகிறேன். கோப்பை கழுவும்போது எங்களுடைய நாடு, கேள்வி கேட்கும்போது அவர்களுடைய நாடு என்றால் ஏற்கமாட்டேன். அவர்களே கேட்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். 2023 பெப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்தய வீரர்களே சர்வதேச ஸ்கீக் கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினார்கள். பருவத்தை நவம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடியுங்கள் என்பது அதில் ஒரு கோரிக்கை. ஸ்கீ தெரிந்தவர்கள் கேட்டதும் இதையேதான்.

ஏன் நகர்த்துவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்வோம். கிறிஸ்மஸுக்கு முன்னால் தொலைக்காட்சியில் வெள்ளை மலை தெரிய வேண்டும், அப்போதுதான் ஸ்கீ விற்கும், அறைகள் நிரம்பும். ஆனால் உயர்ந்த பனியாறுகளில் பனி மிக ஆழமாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில். பிளவுகள் தாமாக மூடியிருக்கும், பெக்கோவுக்கு அவ்வளவு வேலை இருக்காது.  இந்தப் பந்தயம் வேண்டும்தான் என்றால் அதை ஏப்ரலில் வையுங்கள். ஏப்ரலில் பார்க்க ஆள் வராது, விளம்பரதாரர் வரமாட்டார் என்றால், அந்தச் செலவை விளம்பரதாரர்தான் ஏற்க வேண்டும், தியோடுல் பனியாறு அல்ல.