பிள்ளைய விட்டுட்டா வேலைக்குப் போற?

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் என்னிடம் கேட்பது: "பிள்ளைய விட்டுட்டா வேலைக்குப் போற?" பக்கத்து இலையில் இருக்கும் என் ஓரகத்தியிடம் கேட்பது: "இவ்வளவு படிச்சுட்டு வீட்டுல சும்மாவா இருக்க?" எங்கள் இருவரின் கணவர்களிடம் இந்த இரண்டையும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"நம்ம செட்டிநாட்டில் அந்தக் காலத்து ஆச்சிமாரெல்லாம் வீட்டோடு இருந்து குடும்பத்தைக் கட்டிக் காக்கலையா?" என்று சிலர் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போனால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். அதுவரை முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை வீட்டை ஆண்டது யார்? நெல் அளப்பது, சாமான் அறைக் கணக்கு, வேலையாட்கள் கூலி, ஊர் நல்லது கெட்டது எல்லாம் பெண்கள் பொறுப்புதான். மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பும் கணக்கும் தனி. சீதனப் பணம் மருமகள் பெயரிலேயே வட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். அவள் வீட்டில் இருந்தாள், சரி. அவளுக்கென்று பணமும் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை மட்டும் வசதியாக மறந்துவிட்டுப் பெருமை பேசுகிறோம்.

அதுவும் பணக்கார வீட்டுக் கதைதான். அந்த வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த பெண்களிடம், பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு நாற்று நட்ட பெண்களிடம், வேலையா வீடா என்று யார் கேட்டார்கள்?

என் ஓரகத்தி எம்.காம். தீபாவளிக்கு முன்னால் தேன்குழலும் சீப்புச் சீடையும் ஆர்டர் எடுத்துச் செய்வாள். விடியற்காலை மாவு பிசையத் தொடங்கினால் நள்ளிரவு வரை எண்ணெய்ச் சட்டி முன்னால்தான், நடுவில் பிள்ளைகளுக்குச் சோறு, வீட்டுப்பாடம். பணம் கட்டுவதற்கு ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு அவள் கணவர் பெயரில். அவர் நல்லவர்தான், கேட்டால் கொடுப்பார். ஆனால் தன் அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க அவள் கேட்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இதற்குப் பெயர்தான் சும்மா இருப்பது! 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்குதான் என்று சொல்லி, அப்படி வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பானது. கொண்டுவிக்கப் போய்க் கட்டிய வீடுகள் நிறைந்த நம் ஊரில் இந்தத் தீர்ப்பை வளவுக்கு வளவு பேசியிருக்க வேண்டும். ஒரு வீட்டிலும் பேச்சில்லை.

வேலைக்குப் போகிறவள் கதைக்கு வருகிறேன். 2017 சட்டத் திருத்தம் வந்ததிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். நல்லது. ஆனால் காரைக்குடி ஜவுளிக்கடை, பாத்திரக்கடையில் எத்தனை கடைக்கு ஐம்பது பேர் தேறும்? அங்கன்வாடி சாயங்காலமே மூடிவிடும், கடை சாத்த ராத்திரி ஒன்பதாகும். சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள் பிள்ளையை அம்மாவிடமோ பக்கத்து வீட்டிலோதான் விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் "பிள்ளைய விட்டுட்டா வர்ற?" என்று கேட்க எப்படி மனசு வருகிறது?

காரைக்குடி இப்போது மாநகராட்சி. பேருந்து நிலையம் பக்கத்தில் ராத்திரி ஒன்பதரை வரை திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். அப்புறம், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் பெண்கள் இருந்தால் அந்தக் கியூஆர் கோடு யார் கணக்குக்குப் போகிறது என்று பார்த்து, இந்தத் தீபாவளிக்குள் அவர்கள் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள்.