சீனப் பீங்கானைக் கவிழ்த்துக் காட்டுங்கள்

அருங்காட்சியகங்கள் சீனப் பீங்கானை வைக்கும் முறை மேல் எனக்குத் தீராத புகார் ஒன்று உண்டு. டிராகனும் தாமரையும் தெரிகிற மாதிரி நேராக நிறுத்தி, உச்சியிலிருந்து விளக்கடித்து, 'மிங், 15ஆம் நூற்றாண்டு' என்று அரச வம்சமும் காலமும் எழுதிய அட்டை செருகிவிடுகிறார்கள். அந்த நூற்றாண்டுக்கான சாட்சியில் பாதி, பாண்டத்தின் அடியில் இருக்கிறது. பார்க்க வருகிறவருக்கு அது மட்டும் தெரியாது.

பாண்டம் நிற்கும் அடி வளையத்தில் பெரும்பாலும் மெருகு, அதாவது கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு, இருக்காது. ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸில் மெருகு உருகும்போது கீழே தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சூளையில் ஏற்றுமுன்பே அங்கே துடைத்துவிடுவார்கள். மூடாத மண் தெரிகிற இடம் அநேகமாக அது ஒன்றுதான். சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னின் மண் வெள்ளையாக, நைசாக இருக்கும். மெருகு முடிகிற விளிம்பையொட்டிப் பல துண்டுகளில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஓடும். சூளை ஆறும்போது மண்ணிலுள்ள இரும்பு காற்றுப்பட்டுச் சிவப்பதால் வருவது அது. மிங் காலக் கடைசியில் ஃபூஜியன் பக்கத்து ஜாங்ஜோ சூளைகள் ஏற்றுமதிக்குச் செய்த தட்டுகளின் அடியில் மணலே கரடுமுரடாக ஒட்டிக்கிடக்கும்.

எல்லாரும் ஒரே மாதிரி சுடவும் இல்லை. வடக்கே திங் சூளைகளில் கிண்ணங்களைக் கவிழ்த்துச் சுட்டார்கள். அவற்றில் அடி மெருகோடு இருக்கும், வாய்விளிம்பு மொட்டையாக நிற்கும். அந்த விளிம்பை மூடத்தான் பலவற்றில் செம்புப் பட்டை. ரூ சூளையில் அடி உட்பட முழுதும் மெருகு பூசி, முள் போன்ற சின்ன மண் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். திருப்பிப் பார்த்தால் எள்ளளவில் மூன்றோ ஐந்தோ தழும்பு. உலகத்தில் நூறு போலத்தான் மிஞ்சியிருக்கிற ரூ பாண்டங்களை அடையாளம் காண முதலில் தேடுவது இந்தத் தழும்பைத்தான். அதை மறைத்து வைத்துவிட்டு நீலப்பச்சை நிறத்தை மட்டும் ரசி என்றால் எப்படி?

"அடியில் அரசர் பெயர் முத்திரை இருக்குமே, அதைப் படித்தால் போதாதா" என்பார்கள். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1677இல் ஜிங்தெஜென் அதிகாரி ஒருவர், பீங்கானில் அப்போது ஆண்ட காங்ஸி பேரரசர் பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். குயவர்கள் நீல இரட்டை வட்டம் போட்டு உள்ளே வெறுமையாக விட்டார்கள், இலை வரைந்தார்கள், இருநூறு ஆண்டு முந்தைய செங்ஹுவா பேரரசர் பெயரையும் எழுதினார்கள். ஏமாற்றுவதற்காக மட்டும் அல்ல, பழையதற்குச் செய்த மரியாதையும் அதில் உண்டு. ஆக, முத்திரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் மண், வளையத்தைச் சீவிய விதம், மெருகு நின்ற விளிம்பு.

போலி செய்கிறவர்களுக்கும் இது தெரியும். தேநீரோ இரும்புச் சாயமோ தேய்த்து அடியைப் பழுப்பாக்குவார்கள். இயல்பான ஆரஞ்சு நிறம் விளிம்பையொட்டிக் கூடியும் குறைந்தும் போகும், சாயம் எங்கும் ஒரே சீராக அப்பியிருக்கும். இன்னும் கெட்டிக்காரர்கள், உடைந்த பழம் பாண்டத்தின் முத்திரையுள்ள அடியை வெட்டிப் புது உடம்பில் ஒட்டிவிடுவார்கள். புற ஊதா விளக்கில் பசையும் மேல்பூச்சும் வேறு நிறத்தில் ஒளிரலாம். ஊடுகதிர்ப் படத்தில் ஒட்டு தெரியும்.

சாட்சி அடியில் இல்லாத விதிவிலக்கும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் டேவிட் ஜாடிகள் இரண்டிலும் 1351ஆம் ஆண்டுக்குரிய தேதி கழுத்திலேயே நீலத்தில் எழுதியிருக்கிறது. அவற்றை அளவுகோலாக வைத்துத்தான் இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் சேகரிப்பிலும் இருந்த 14ஆம் நூற்றாண்டு நீல-வெள்ளைப் பாண்டங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஜாடிகளைச் சேகரித்த பெர்சிவல் டேவிட் பம்பாயில் பிறந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அடியைக் காட்டச் செலவும் பெரிதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் பாண்டம், கீழே சாய்வாக ஒரு நிலைக்கண்ணாடி, பக்கவாட்டிலிருந்து தாழ்ந்த விளக்கு. மேல்விளக்கு மட்டும் இருந்தால் பாண்டத்தின் நிழலே அடியை மூடிவிடும். பெரிய ஜாடிக்கு இது சரிவராது, படம் வைக்கலாம். இணையப் பட்டியல்களிலோ இன்னொரு வேடிக்கை: முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்து, வளையத்தை வெட்டிவிடுகிறார்கள். வளையம் முழுதும், அளவுகோலோடு வேண்டும்.

கூடவே ஓர் உடைந்த ஓடும். மண்ணின் கனம், மெருகின் கனம் எல்லாம் உடைந்த விளிம்பில்தான் தெரியும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கிடைத்த சீன ஓடுகள் மாதிரியானவை கிடங்குப் பெட்டியில் இருக்க வேண்டியவை அல்ல. முழுப் பாண்டத்துக்குப் பக்கத்திலேயே, அடி மேலே தெரியும்படி வையுங்கள்.