பிரஷ் வாங்கினால் மட்டும் நீர் ஓடாது
வரையும் செயலியில் நல்ல பிரஷ் தொகுப்பு இருந்தால் டிஜிட்டல் ஓவியத்தில் நீர்வண்ணத் தோற்றம் தானாக வந்துவிடும் என்று மேலுள்ள கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நிஜ நீர்வண்ணத்தில் ஓரம் முதலில் உலர்வதால் நிறமித் துகள்கள் அங்கே ஒதுங்கி, தேநீர்க் கறையின் விளிம்பைப் போல மெல்லிய அடர்கோடாக நிற்கும். கண் தேடுவது அதைத்தான். அடோபி ஃபிரெஸ்கோ என்ற ஓவியச் செயலியின் லைவ் பிரஷ் ஈரம் பரவுவதை ஓரளவு காட்டுகிறது. எனக்கு அது போதாததால், நான் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள சொரசொரப்புத் தாளில் இண்டிகோ என்ற அடர்நீல வண்ணத்தைக் கரைத்துப் பரப்பி, காய்ந்ததும் ஸ்கேன் செய்து, டிஜிட்டல் படத்தின்மேல் மல்டிப்ளை முறையில் (கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை அடர்த்தியாக்கும் முறை) மேலடுக்காக வைக்கிறேன். சென்ற மாதம் மழைமேகம் வரைந்தபோது, தாளின் குழிகளில் தங்கிய நீலப் புள்ளிகள்தாம் அதை மேகமாக்கின. மேலே கருத்திட்ட ஒரு வாசகர் ஒப்பாசிட்டியை, அதாவது நிறம் கீழுள்ளதை மறைக்கும் அளவை, குறைத்தால் போதும் என்கிறார். குறைத்தால் நிறம் வெளிறுமே தவிர ஈரம் தெரியாது.