கனமான நங்கூரம் மட்டும் படகை நிறுத்தாது

‘நங்கூரம் கனமா இருந்தா போதும், தரையைத் தொட்டாலே படகு நிற்கும்’ என்று காசிமேட்டுப் படகுக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அதை நம்பி இரவில் கண்ணயராதீர்கள்.

நங்கூரத்தின் நாக்கு ஏர்க்கொழு போல மணலில் புதைந்தால்தான் பிடிக்கும். அதற்கு இழுவை தரையோடு கிடையாக வர வேண்டும். கயிறு செங்குத்தாக நின்றால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். ஆழம் 8 மீட்டர், அணியம் (படகின் முன்முனை) நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால், இரண்டும் சேர்த்துக் கணக்கு 9. கயிறும் கொஞ்சம் சங்கிலியும் என்றால் 7 மடங்கு, அதாவது 63 மீட்டர் விடுங்கள். முழுக்கச் சங்கிலி என்றால் 5 மடங்கு, 45 மீட்டர். காற்று ஏறினால் இன்னும்.

படகு ஓடும்போது நங்கூரத்தை இறுக்கிக் கட்டுங்கள். நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிள் என்ற கொக்கியின் பின் (ஊசி) கழன்றுவிடாமல் கம்பியால் முறுக்குங்கள். சங்கிலியின் உள்முனையைப் படகோடு கயிற்றால் கட்டுங்கள். ஆபத்தில் கத்தியால் அறுத்துவிடலாம்.