ஆச்சியின் குரலும் எட்டு ஜிபி லேப்டாப்பும்

ஆச்சி பேசி முடித்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

தாராவியில் எங்கள் சந்தில், வாசற்படியில் உட்காரவைத்து மொபைலில் எடுத்த இருபது நிமிட வீடியோ அது. திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறி வந்த கதையைச் சொல்கிறார். இந்தச் சந்து இப்படியே இருக்காது என்பதால் எடுத்து வைத்தேன். தொடக்கத்தில் உதடும் குரலும் ஒட்டித்தான் இருந்தன. போகப்போக விலகிவிட்டன.

வாசல் கொஞ்சம் இருட்டு. மொபைல் கேமரா வெளிச்சத்தைப் பார்த்து ஃப்ரேம் வேகத்தை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் எடுப்பது என்பதை, தானே கூட்டிக் குறைக்கும். வினாடிக்கு 30 என்று வைத்திருந்தாலும் இருட்டில் இறங்கிவிடும். வீடியோவை வெட்டி ஒட்ட நான் முதலில் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு இரவு குரலை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேடென்லைவ் (Kdenlive) என்ற எடிட்டரில் போட்டேன். போட்டதுமே, இதன் ஃப்ரேம் வேகம் மாறுகிறது, எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று அதுவே கேட்டது. சரி என்றேன். ஆச்சியின் வாய்க்குக் குரல் வந்து சேர்ந்தது. வேறு எடிட்டர் வைத்திருப்பவர்கள் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், வேகம் மாறாமல் இருக்க கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் கொடுத்து மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எந்த எடிட்டர் நல்லது என்று யாரைக் கேட்டாலும் டாவின்சி ரிசால்வ் என்கிறார்கள். அருமையான மென்பொருள்தான், மறுக்கவில்லை. இலவசப் பதிப்பிலேயே 4கே தரம் வரை முடித்த வீடியோவை வெளியே எடுக்கலாம், நிறம் திருத்துவதில் அதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வராது. ஆனால் 16 ஜிபி ராமும் (கணினியின் நினைவகம்) நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். வீட்டில் இருப்பதோ எட்டு ஜிபி பழைய லேப்டாப். திணறுகிற எடிட்டரோடு மல்லுக்கட்டி, எனக்கு இது வராது என்று விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றமே இல்லை.

கேடென்லைவ், ஷாட்கட் (Shotcut) என்ற இரண்டு எடிட்டர்களிலும் ப்ராக்ஸி வசதி உண்டு. கனமான வீடியோவுக்குச் சின்னதாக ஒரு நகல் எடுத்து அதில் வெட்டலாம், கடைசியில் முடித்த வீடியோ ஒரிஜினலிலிருந்தே வெளியே வரும். இரண்டும் இலவசம், வீடியோ மேல் அவர்கள் முத்திரை (வாட்டர்மார்க்) விழாது. ஷாட்கட்டின் மெனு கொஞ்சம் குழப்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும். மேக் இருந்தால் ஐமூவி போதும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படம் வைக்க இரண்டே ட்ராக்தான். விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது, பிறந்தநாள் வீடியோவுக்குச் சரியாக இருக்கும்.

நான் முதலில் பார்ப்பது இன்னொன்று. தலைப்பில் 'பொங்கல்' என்று அடித்துப் பாருங்கள். கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றால் அந்த எடிட்டர் நமக்கு ஆகாது. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாகப் பானை பொங்குவதை எடுத்துவிட்டு, அதன் பெயரை உடைந்த எழுத்தில் போட எனக்கு மனசு வராது. மேலே சொன்ன கேடென்லைவிலும் ஷாட்கட்டிலும் ஒழுங்காகவே வந்தது.

அப்புறம், ஒரிஜினல் வீடியோக்களைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோ என்ற மொபைல் எடிட்டரும் ஒன்று. செயலி இன்று இருக்கும், நாளை போகும். வாட்ஸ்அப்பில் வாங்கிய நகலை ஒரிஜினல் என்று நம்பிவிடாதீர்கள், வீடியோவாகச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். மொபைலிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள்.

சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சை எடுத்து வைத்துவிட்டு எப்படி வெட்டுவது என்று தெரியாமல் இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து செய்வோம்.